மூன்று ஊர்களுக்கு ஒரு மடக்கு ஊடு

அனுப்புநர்
திருமதி ரா. ராமாயி,
க/பெ. ராசு,
தலைவி, காட்டுமல்லி மகளிர் சுயஉதவிக் குழு,
ஊத்துப்பட்டி, தேவனூர் நாடு,
கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நாமக்கல்.
(நேரில் அளிக்கப்படுகிறது. தாங்கள் படித்து முடிக்கும்வரை வேறு எவர் கைக்கும் போகாதிருக்க வேண்டுகிறேன்.)

பொருள்: ஊத்துப்பட்டியில் நிறுவப்பட்ட, பெயர்த்தெடுத்து மாற்றக்கூடிய பிரசவ அறை அகற்றப்பட்டது – அதனால் என் தங்கையின் குழந்தை இறந்தது – வரும் புதன்கிழமை விழாவுக்கு முன் தாங்களே விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, ஊத்துப்பட்டி ராமாயி வணங்கி எழுதுவது.

1. நான் மலையில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளியில் பத்தாம் வகுப்புவரை படித்தவள். இம்மனுவை என் கையால் எழுதியிருக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. இதற்கு முன் இதே விஷயமாக ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். அந்த வாரமே, நான் யார்மீது மனு கொடுத்தேனோ அந்த மேலாளர் என் மனுவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். "இதை உங்களுக்கு எழுதிக் கொடுத்தது யாருங்கம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அது எந்த அலுவலகம் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. தாங்கள் கேட்டால் நேரில் சொல்கிறேன். அதனால்தான் இந்த முறை தபாலை நம்பாமல் மலை இறங்கி வந்திருக்கிறேன்.

2. எங்கள் ஊருக்குச் சாலை கிடையாது. தார் ரோடு முடியும் இடத்திலிருந்து மேடேறி, ஓடை தாண்டி, காப்பித் தோட்டத்துக்குள் புகுந்து வர வேண்டும். எங்களுக்கு அடுத்த ஊர் சோளக்கோம்பை. அதற்கும் அப்பால், பெரக்கரை நாட்டில் இருப்பது புளியங்காடு. மூன்று ஊரிலும் பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டால் மூங்கிலில் சேலையைக் கட்டித் தூளியாக்கி, நாலு ஆம்பிளைகள் தோளில் வைத்து ரோட்டுக்குத் தூக்கிப் போவதுதான் வழக்கம். பாதி வழியிலேயே பிறந்தவர்களும் எங்களில் உண்டு. பாதி வழியோடு போனவர்களும் உண்டு. பிரசவத்துக்கு ஒரு கட்டடம் கேட்டால், மணலும் சிமெண்டும் யார் தலையில் சுமப்பது என்று காண்ட்ராக்டர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

3. கடந்த மாசி மாதம் மலைக்கூடு அறக்கட்டளை என்ற நிறுவனத்தார் வந்தார்கள். அசோக் என்ற இளம் பொறியாளர் ஒரு சிறு பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த அட்டைகளை விரித்து, எங்கள் கண் முன்னால் ஒரு வீடு செய்து காட்டினார். பெரிய வீடும் இப்படித்தான் வரும் என்றார். உள்ளே நுரை வைத்த மெல்லிய தகடுகள்தான் சுவர். இரண்டு பேர் ஒரு சுவரைத் தூக்கலாம். கீழே இரும்புக் கால்கள். சரிவான நிலமாக இருந்தாலும் காலை ஏற்றி இறக்கி மட்டம் செய்யலாம். மலையை வெட்ட வேண்டாம், கடைக்கால் தோண்ட வேண்டாம். அரைப் பகலில் நிறுத்தி அரைப் பகலில் பிரிக்கலாம். ஓர் அறை போதாவிட்டால் இன்னொன்றைப் பக்கத்தில் சேர்த்துப் பூட்டலாம். மூன்று ஊருக்கும் மூன்று அறைகள் தரப்படும் என்றும், ஓர் ஊரில் இரண்டு பேருக்கு ஒரே சமயம் வலி கண்டால் பக்கத்து ஊர் அறையைக் கொண்டுவந்து ஒட்டிக்கொள்ளலாம் என்றும் கூறினார்.

4. ஊரில் எனக்குச் சந்தேகக்காரி என்றுதான் பேர். மற்றவர்கள் கை தட்டியபோது நான் எழுந்து, "கடக்கால் இல்லாத ஊட்ட ஆரு வேணும்னாலும் தூக்கிட்டுப் போயிரலாமுங்களே?" என்று கேட்டேன். அசோக் சிரித்து, "அதுக்குத்தானக்கா இப்படிச் செஞ்சிருக்கோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அறையைப் பூட்டிப் பிரிக்கும் திருகாணிகளுக்குத் தனியாக ஒரு சாவி உண்டு. கடைகளில் கிடைக்கும் ஸ்பேனர் அதற்குப் பொருந்தாது. அந்தச் சாவி எங்களிடம் இருக்குமா என்று கேட்டதற்கு, பாதுகாப்புக் கருதி நிறுவனத்திடமே இருக்கும் என்று உடன் வந்திருந்த அறக்கட்டளை மேலாளர் பதில் சொன்னார். நான் முதலில் சொன்ன மேலாளர் இவர்தான். யாரிடமிருந்து பாதுகாப்பு என்பதை அவர் சொல்லவில்லை.

5. வைகாசியில் அறை வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும் ஐயா, அது நல்ல அறை. நாங்கள் அதற்கு மடக்கு ஊடு என்று பேர் வைத்தோம். உள்ளே வெயிலும் தெரியாது, குளிரும் தெரியாது. சன்னல் பலகையைக் கீழே மடக்கினால் செவிலியர் அம்மா மருந்து வைக்கும் மேசையாகிவிடும். கூரையில் விழும் மழைத் தண்ணீர் குழாய் வழியே டிரம்முக்கு வந்துவிடும். வாசல் காற்று வரும் பக்கமாக இருப்பதால் பச்சைக் குழந்தைக்கு ஆகாது என்று பெண்கள் சொன்னோம். அசோக் மறுபேச்சுப் பேசாமல் அன்றைக்கே சுவரைக் கழற்றி வாசலைக் கிழக்கே திருப்பிவிட்டார். சொன்னதைக் கேட்டுத் திரும்பும் கட்டடத்தை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த அறையில் எங்கள் ஊர்ப் பெண்கள் இருவருக்குச் சுகப்பிரசவம் ஆனது. அந்தப் பிள்ளைகள் இப்போது குப்புற விழுகிறார்கள். ஆனி மாதக் காற்றில் மேலிருந்த பலாப்பழம் ஒன்று கூரைமேல் விழுந்தது. தகடு கிண்ணம்போல் உள்வாங்கியது, ஆனால் ஒழுகவில்லை. அசோக் வந்து பார்த்து, "பரவாயில்லக்கா, தாங்கிருச்சு" என்று சந்தோஷப்பட்டார்.

6. ஆடியில் அதிகாரிகளும் வெளியூர்க்காரர்களும் வந்து அறையைப் பார்த்துப் படம் எடுத்துப் போனார்கள். அவர்கள் போன சில நாளில் மேலாளர் ஆட்களோடு வந்து, கூரைத் தகட்டை மாற்ற வேண்டும் என்று அறையைப் பிரித்தார். சுமக்க எங்கள் ஊர் ஆம்பிளைகளைக் கூப்பிடவில்லை. மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். கூரைக்குத்தானே பழுது, சுவர்களை ஏன் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டேன். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பொருந்தும் என்றார். சிமெண்டு வீட்டை ஒருவன் இடித்து எடுத்துப்போனால் ஊரே திரண்டு மறிக்கும். இதுவோ எடுத்துப்போகவே செய்த வீடு. அதனால் யாரும் மறிக்கவில்லை.

7. ஆவணியில் சந்தையில் சோளக்கோம்பைப் பெண்களைப் பார்த்தேன். தங்கள் ஊருக்கும் மடக்கு ஊடு வந்துவிட்டது என்று பூரித்துப்போய்ச் சொன்னார்கள். எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது. எங்களுடையது பழுதுக்குப் போயிருக்கிறது, அவர்களுடையது புதிது என்று நினைத்தேன். மேலாளரிடம் எங்கள் அறை எப்போது வரும் என்று கேட்டபோதெல்லாம், "அவசரம்னா சோளக்கோம்பை அறை இருக்குதுங்களே" என்றே சொல்லிவந்தார். அவர் அப்படிச் சொன்னதற்கு எங்கள் குழுவில் அத்தனை பெண்களும் சாட்சி.

8. என் தங்கை சென்னம்மாளை எங்கள் ஊரிலேயே கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுக்கு இது தலைப்பிரசவம். ஐப்பசியில் மழை பிடித்துச் சந்தைக்குப் போக்குவரத்து நின்றிருந்த சமயம், ஒரு காலைப் பொழுதில் அவளுக்கு வலி கண்டது. செவிலியர் அம்மாவுக்கு ஆள் அனுப்பிவிட்டு அவளைத் தூளியில் வைத்தோம். ரோட்டுக்குப் போவதா, சோளக்கோம்பைக்குப் போவதா என்று கேள்வி வந்தது. சோளக்கோம்பைதான் கிட்டம். அங்கே அறை இருக்கிறது என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். அங்கே போகலாம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தோம். ஓடையில் இடுப்பளவு தண்ணீர். என் வீட்டுக்காரர் ராசுவும் தங்கை புருஷனும் முன்னால் பிடித்தார்கள். தூளி நனையாமல் தலைக்குமேல் தூக்கிக் கரையேறினார்கள்.

9. சோளக்கோம்பையில் அறை இல்லை ஐயா. அது நின்ற இடத்தில் சமன் செய்த செம்மண் தரையும், கால்கள் ஊன்றிய குழிகளில் தேங்கிய தண்ணீரும்தான் இருந்தன. அந்த ஊர்க்காரர்கள் ஓடிவந்தார்கள். பெயிண்ட் அடிக்கவென்று புரட்டாசிக் கடைசியிலேயே எடுத்துப் போய்விட்டார்களாம். "உங்க ஊர்ல ஒண்ணு இருக்குதுன்னு சொன்னாங்களே!" என்று அவர்கள் எங்களிடம் கேட்டார்கள்.

10. வீட்டுக்குள் கொண்டுபோகக்கூட நேரம் இல்லை. ஆம்பிளைகள் நாலு பேர் தார்ப்பாயின் நாலு முனையையும் பிடித்து, வெளிப்பக்கம் பார்த்து நின்றார்கள். அந்தச் செம்மண் தரையிலேயே பிறந்தது. பெண் குழந்தை. அழவில்லை. தட்டிப் பார்த்தோம், ஊதிப் பார்த்தோம், எங்கள் சேலைக்குள் வைத்துச் சூடு கொடுத்துப் பார்த்தோம். செவிலியர் அம்மா எங்கள் ஊருக்குப் போய், அங்கே விசாரித்துத் திரும்பி வந்து சேர்ந்தபோது குழந்தை குளிர்ந்துவிட்டிருந்தது. சென்னம்மாளுக்கு உதிரம் நிற்கவில்லை. குழந்தையைச் சோளக்கோம்பைக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு, தாயைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினோம். குழந்தையை அவர்கள் தங்கள் மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். அதற்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

11. ரோட்டில் சேந்தமங்கலம் அப்பாஸ் அலி அவர்களின் மினி லாரி மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு நின்றது. அவர் மகன் முபஷிர்தான் ஓட்டுநர். எங்களைக் கண்டதும் அவர் வண்டியிலிருந்து குதித்து இறங்கினார். மூட்டைகளை மழையிலேயே ரோட்டோரம் தள்ளிவிட்டு, தங்கையைப் படுக்க வைத்து, அந்த வளைவுகளில் அவள் உடம்பு அலுங்காமல் இறக்கினார். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். தங்கை பிழைத்தாள்.

12. ஆஸ்பத்திரி வாசலில் முபஷிர் என்னிடம் வந்து சொன்னது இது: "அக்கா, உங்க ஊர் ஊடு, சோளக்கோம்பை ஊடு எல்லாம் ஒண்ணுதாங்க. மூணு தடவையும் நாந்தான் வண்டியில ஏத்துனேன். ரிப்பேருக்குக் கீழ எறங்கவே இல்லீங்க. மலை மேலயேதான் சுத்துது. இப்பப் புளியங்காட்டுல நிக்குது." முதலில் இவரையும் நான் நம்பவில்லை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இடம் மாற்றும் வீடு என்பதால் இடம் மாற்றுகிறார்கள் என்றே நினைத்ததாகவும், மூன்று வீடு என்று எங்களிடம் சொல்லியிருப்பது தனக்குத் தெரியாது என்றும் கூறினார். அதில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் தோன்றுவதை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.

13. எனவே நானே புளியங்காட்டுக்குப் போனேன். அறை பச்சைப் பெயிண்டில் பளபளவென்று நின்றது. எங்களுடையது நீலம். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். கூரை ஓரிடத்தில் கிண்ணம்போல் உள்ளே பிதுங்கியிருந்தது. அந்த இடத்தைச் சுற்றி எங்கும் பலா மரம் இல்லை, நான் வெளியே வந்து சுற்றிப் பார்த்தேன். இது எப்படி ஆனது என்று கேட்டதற்கு, "வரும்போதே அப்படித்தானுங்க இருந்துச்சு" என்றார்கள். நான் மேலாளரைச் சந்தித்துக் கேட்டபோது, மூன்றும் ஒரே அச்சில் செய்தவை, ஒரே மாதிரிதான் இருக்கும் என்று விளக்கம் கொடுத்தார். பலாப்பழம் விழுந்த பள்ளமும் அச்சிலேயே வந்ததா என்று கேட்டேன். அவருக்குக் கூட்டம் இருக்கிறது என்று எழுந்துவிட்டார்.

14. சில நாள் கழித்து அசோக் தனியாக எங்கள் ஊருக்கு வந்தார். சென்னம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். "மூணு செய்யத்தான் வரைஞ்சு குடுத்தேன். மாதிரிக்கு முதல்ல ஒண்ணு செஞ்சாங்க. மத்த ரெண்டும் தயாராகுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நானும் நம்பினேன்" என்றார். அவர் கண் கலங்கியது. அந்தக் கண்ணீர் உண்மையா என்று எனக்குத் தெரியாது, அதனால் கண்டதை மட்டும் எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். போகும்போது தன்னிடம் இருந்த திருகாணிச் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். அந்தச் சாவி என்னிடம் இருக்கிறது. நாளை என்னைத் திருடி என்று யாராவது சொல்லலாம் என்பதால் இதைத் தங்களிடம் முன்கூட்டியே தெரிவிக்கிறேன்.

15. சாவி வந்ததும் ஊரில் பேச்சு வேறாகிவிட்டது. ஆம்பிளைகள் புளியங்காட்டுக்குப் போய் அறையைப் பிரித்து எடுத்து வந்துவிடுவதென்று கிளம்பினார்கள். "நம்ம ஊட்ட நாம எடுக்கறதுக்கு ஆரக் கேக்கோணும்?" என்று என் வீட்டுக்காரரே கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அப்போது சென்னம்மாள் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அங்க ஒருத்தி மாசமா இருக்கறாளாமே. அவளும் என்னாட்டம் போயி வெறும் மண்ணப் பாக்கோணுமா?" என்றாள். அதன்பின் யாரும் கிளம்பவில்லை. அவள் சொன்ன பெண் அத்தாயி. புளியங்காட்டுக்காரி. இப்போது அவளுக்கு நிறைமாதம். அந்த அறையை நம்பித்தான் தாய்வீட்டுக்குப் போகாமல் இருக்கிறாள்.

16. இனி நான் எழுதுவதுதான் இம்மனுவின் அவசரம். வரும் புதன்கிழமை எங்கள் ஊத்துப்பட்டியில் விழா என்றும், வியாழக்கிழமை சோளக்கோம்பையிலும் வெள்ளிக்கிழமை புளியங்காட்டிலும் விழா என்றும், வெளிநாட்டு விருந்தினர்கள் மூன்று அறைகளையும் பார்வையிடுவார்கள் என்றும், தாங்கள் புதன்கிழமை தலைமையேற்கிறீர்கள் என்றும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஓர் அறையை அரைப் பகலில் பிரித்து அரைப் பகலில் நிறுத்தலாம் என்பதைத் தாங்கள் நினைவில் கொள்ள வேண்டும். மூன்று விழாவையும் ஒரே நாளில் ஏன் வைக்கவில்லை என்று நான் யோசித்துப் பார்த்தேன். தாங்களும் யோசிக்க வேண்டுகிறேன். நாளை செவ்வாய்க்கிழமைக்கு வண்டி வேண்டும் என்று முபஷிரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் மறுத்துவிட்டார். வேறு வண்டி கிடைக்காமலா போகும்?

17. எனவே, தாங்கள் அருள்கூர்ந்து, தங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவரை நாளை பொழுது விடிவதற்குள் புளியங்காட்டுக்கு அனுப்பி, அத்தாயி பெற்றெழும்வரை அங்கிருந்து ஒரு தகடுகூட நகராமல் காக்க வேண்டும். புதன்கிழமை ஒரே நேரத்தில் மூன்று ஊரிலும் மூன்று அதிகாரிகள் நின்று, அங்கங்கே என்ன இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். முன்கூட்டி அறக்கட்டளைக்குத் தகவல் போகக் கூடாது. செய்யாமல் விட்ட இரண்டு அறைகளையும் செய்ய வைத்து, ஒவ்வோர் ஊரிலும் பெண்கள் கையில் ஒரு சாவி இருக்க உத்தரவிட வேண்டும்.

18. இன்னொரு சந்தேகத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இம்மனுவைப் படித்துவிட்டு, இப்படிப்பட்ட வீடுகளே வேண்டாம், நிலையான கட்டடம் வரும்வரை பொறுத்திருங்கள் என்று யாராவது குறிப்பு எழுதிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அப்படி எழுதினால் எங்கள் பேத்திகள் காலத்திலும் தூளிதான். எங்களுக்கு அந்த அறைமேல் எந்தக் குறையும் இல்லை. சரிவில் நிற்கும், மழையில் நனையாது, பெண்கள் சொன்ன பக்கம் வாசலைத் திருப்பும். அது எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்பவர்கள்மேல்தான் எங்கள் புகார்.

19. ஒருவேளை இம்மனு தங்களிடம் சேராமலே போகலாம், அல்லது சேர்ந்தும் நேரம் இல்லாமல் போகலாம். அப்படியானால் புதன்கிழமை தாங்கள் ஊத்துப்பட்டிக்கு வரும்போது, மாவிலைத் தோரணம் கட்டி, புதுப் பெயிண்ட் பூசி, அழகான அறை ஒன்று எங்கள் ஊரில் நிற்கும். தங்கள் கையில் கத்தரிக்கோலைக் கொடுப்பார்கள். ரிப்பனை வெட்டுவதற்கு முன் ஒரு கணம் நிற்க வேண்டுகிறேன். எங்கள் ஊரில் அந்த அறையைத் தாங்கள் கண்டால், அந்நேரம் புளியங்காட்டில் அத்தாயிக்கு அறை இல்லை என்று பொருள்.

தங்கள் வருகையைச் சந்தேகத்தோடும், அதைவிடச் சற்றுக் கூடுதல் நம்பிக்கையோடும் பார்த்திருக்கும்,

ரா. ராமாயி
(கையொப்பம்)

சென்னம்மாள்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

இடம்: நாமக்கல்
நாள்: 22.11.2004, திங்கட்கிழமை